சைக்கிளில் செல்வோருக்குப் பவர் கூலிங் கிளாஸ்

கேள்வி: என் வயது 46. எண்ணூரிலிருந்து ராயபுரத்துக்கு வேலைக்காகத் தினமும் சைக்கிளில் சென்று வருகிறேன். இரு கண்களிலும் மைனஸ் 3.5 பவர், வாசிப்பதற்கும் சேர்த்து புரோகிரசிவ் கண்ணாடி அணிகிறேன். வெயிலும் கன்டெய்னர் லாரிகளின் புழுதியும் கண்ணைப் பாடாய்ப் படுத்துகின்றன. பவருடன் நல்ல கறுப்பான கூலிங் கிளாஸ் வாங்கலாமா? வீடு திரும்பும்போது சில மாதங்களில் இருட்டிவிடுகிறது.

பதில்: தாராளமாக வாங்கலாம், ஆனால் கறுப்பு நிறம் கண்ணைக் காக்கும் என்று எண்ணி வாங்காதீர்கள். நிறம் கூச்சத்தைத்தான் குறைக்கும். புற ஊதாக் கதிர்களைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடியை அணிந்தால், அந்த நிழலில் கண்மணி விரிந்து, அக்கதிர்கள் உள்ளே நுழைய வழி அகலமாகிவிடும். ஆகவே 400 நானோமீட்டர் வரையிலான கதிர்களைத் தடுக்கும், 'யுவி 400' எனப்படும் லென்ஸைக் கேளுங்கள். பாலிகார்பனேட் லென்ஸ் நிறமே இல்லாவிட்டாலும் இயல்பாகவே இக்கதிர்களைத் தடுக்கிறது. லாரிச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லுக்கும் எளிதில் உடைவதில்லை. உங்கள் சாலைக்கு வேறு லென்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது ஃபிரேம். காலையில் தெற்கு நோக்கி வரும்போது கடலும் சூரியனும் உங்கள் இடப்புறம் இருக்கின்றன. மாலையில் வடக்கு நோக்கித் திரும்பும்போது மேற்கு வெயிலும் இடப்புறமே விழுகிறது. எனவே பக்கவாட்டு மறைப்பில்லாத ஃபிரேமில் எவ்வளவு கறுப்பான லென்ஸ் போட்டாலும் கூச்சம் தீராது, புழுதியும் நிற்காது. அதற்காக விளையாட்டு வீரர்கள் அணியும், முகத்தைச் சுற்றி வளைந்த ஃபிரேமையும் எடுக்க வேண்டாம். மைனஸ் 3.5 பவரை அத்தகைய வளைவில் பொருத்தும்போது, வளைவுக்கேற்பப் பவரைத் திருத்திக் கணக்கிடாவிட்டால், ஓரங்களில் காட்சி நெளிந்து தலை சுற்றும். மிதமான வளைவும் அகலமான பக்கக் காம்பும் கொண்டு, புருவத்தோடும் கன்னத்தோடும் நெருங்கி நிற்கும் ஃபிரேமே உங்களுக்குப் பொருந்தும்.

சைக்கிளுக்கு மட்டும் தனிக் கண்ணாடி என்றால் புரோகிரசிவ் தேவையில்லை என்பது என் கருத்து. அதன் ஓரங்களில் இயல்பாகவே சற்று மங்கல் உண்டு. பின்னால் வரும் லாரியைத் திரும்பிப் பார்ப்பவருக்கு அது ஆபத்து. தூரப்பார்வைக்கான பவர் மட்டும் போதும்; செலவும் குறையும்.

நிறத்தைப் பொறுத்தவரை, 8 முதல் 18 சதவீத ஒளியை மட்டும் விடும் மூன்றாம் வகை லென்ஸ் உச்சி வெயிலுக்கு ஏற்றது. ஆனால் பொழுது சாய்ந்தபின் அதை அணிந்து ஓட்டவே கூடாது. ஆகவே வெயிலில் கறுத்து, மாலையில் தெளியும் ஃபோட்டோகுரோமிக் வகையைச் சாம்பல் நிறத்தில் எடுங்கள். கடும் வெப்பத்தில் அது முழுமையாகக் கறுக்காது, தெளியவும் சில நிமிடங்கள் ஆகும். இருந்தாலும் இரு வேளைக்கும் ஒரே கண்ணாடி என்பது பெரும் வசதி. போலரைஸ்டு லென்ஸ் கடல்நீரின் பளபளப்பை நன்றாக அடக்கும் என்பது உண்மையே. ஆனால் சாலையில் சிந்திய எண்ணெயின் மினுமினுப்பையும் அது மறைத்துவிடக்கூடும் என்பதால், இரு சக்கரத்தில் செல்பவருக்கு அதை நான் வலியுறுத்துவதில்லை.

கண்ணாடிக்கு அளவு கொடுக்கும் முன் ஒருமுறை கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கண் உலர்வு, ஆரம்பநிலைக் கண்புரை, வெயிலிலும் புழுதியிலும் உழல்பவர்களுக்கு வெள்ளை விழியில் வளரும் சதை ஆகியவற்றாலும் இத்தகைய கூச்சம் வரும். அப்போது கண்ணாடி மட்டும் தீர்வாகாது. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் இவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

பாலிகார்பனேட்டில் கீறல் எளிதில் விழும். கடற்காற்றின் உப்பும் புழுதியும் படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைக்காமல், தண்ணீரில் அலசிய பிறகே மென்துணியால் ஒற்றி எடுங்கள்.