மணலில் ஆடிய கால்

அன்புள்ள அண்ணனுக்கு,

ஐபிஎல் தொடங்கிவிட்டால் எங்கள் வீட்டில் தினமும் சண்டை. நான் தமிழ் வர்ணனை வைப்பேன், மாமா ரிமோட்டைப் பிடுங்கி மலையாளத்துக்கு மாற்றுவார். "இவனுவ ஆட்டம் பாக்கானுவளா, கல்யாண வீட்டுல இருந்து கத பேசுகானுவளா?" என்பார். எனக்கும் இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. முன்னாள் வீரர்கள் நாலு பேர் ஒருவரையொருவர் கலாய்த்துக்கொண்டே இருக்கிறார்கள். யாராவது உருப்படியாகச் சொல்ல வாயெடுத்தால் தொகுப்பாளினி வெட்டிவிடுகிறார். அந்தப் பெண்ணுக்குக் கிரிக்கெட் தெரியுமா, அலங்காரப் பொம்மையா?

ராஜன், நித்திரவிளை

அன்புள்ள ராஜன்,

முதலில் அந்தப் 'பொம்மை'யைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். தொகுப்பாளர் காதில் ஒரு கருவி இருக்கும். எதிரே ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அதில் தயாரிப்பாளர் "பத்து, ஒன்பது, எட்டு" என்று எண்ணுவார். ஆட்டத்தின் நடுவே விடும் ஸ்ட்ராட்டஜிக் டைம் அவுட் இடைவேளை மொத்தமே இரண்டரை நிமிஷம், அதிலும் விளம்பரம் தின்றது போக மிச்சம்தான் பேச்சுக்கு. வெட்டாவிட்டால் அவர் வேலை போய்விடும். ஆண் தொகுப்பாளர் வெட்டும்போது அவருக்குக் கிரிக்கெட் தெரியுமா என்று நாம் கேட்டதுண்டா?

கல்யாண வீட்டுக் கதைக்கும் காரணம் உண்டு. தமிழ் வர்ணனையாளர்கள் பெரும்பாலும் மைதானத்தில் இருப்பதில்லை. ஸ்டூடியோவில் உட்கார்ந்து, நீங்களும் மாமாவும் பார்க்கும் அதே படத்தைத்தான் பார்க்கிறார்கள். ஃபைன் லெக்கில் நின்றவரை கேப்டன் எங்கே நகர்த்தினார் என்பது கேமரா காட்டினால்தான் அவர்களுக்கும் தெரியும். நமக்குத் தெரியாதது எதுவும் கண்ணில் படாதபோது கதைதான் வரும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியில் தமிழில் வர்ணித்த காலத்தில் அவர் வாய் மூடினால் நமக்கு ஆட்டமே இல்லை. அந்தக் கட்டாயம் டிவியில் இல்லை.

மாமா மலையாளத்துக்குப் போவது எனக்குப் புரிகிறது. 2018 கால்பந்து உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ரொனால்டோ 88ஆம் நிமிஷம் ஃப்ரீகிக் அடித்தபோது மலையாள வர்ணனையாளர் ஷைஜு தாமோதரன் போட்ட கூச்சல் நினைவிருக்கிறதா? விளக்கம் என்று அதில் ஒன்றும் கிடையாது. ஆனால் மனுஷனின் உயிர் அந்தப் பந்தில் இருந்தது.

என் குறை முன்னாள் வீரர்கள் மேல்தான். 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தை எதிர்கொண்டவனுக்கு மட்டும் தெரிந்த சங்கதிகள் உண்டு. அதை எந்தக் கேமராவும் காட்டாது. அதைச் சொல்லத்தானே கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்? அவர்களோ "பையன் சூப்பரா ஆடறான்" என்கிறார்கள். அது மாமாவுக்கே தெரியும்.

இரவிபுத்தன்துறைக்காரர் மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் கால்பந்துத் தொடரில் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்கு ஆடிய நாட்களில், தூத்தூர் பக்கம் ஒரு டீக்கடையில் மேட்ச் பார்த்தேன். டிவியில் வேகம், திறமை என்று பொதுவாக ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து பெஞ்சில் கடலுக்குப் போய் வந்த ஒரு பெரியவர். "மக்கா, அவன் பந்த எடுக்கதப் பாரு. கடப்பொறத்து மணல்ல பந்து உருளாது, காலோட ஒட்டி வச்சாத்தான் உண்டு. புல்லுல வந்தும் அந்தப் பழக்கம் விடல்ல" என்றார். அதற்கப்புறம் சூசைராஜுக்குப் பந்து வந்தபோதெல்லாம் என் கண் அவர் காலுக்குத்தான் போயிற்று.

மாமாவை ஒருநாள் அங்கே கூட்டிப் போங்கள். டீயும் நன்றாக இருக்கும்.