தென்னாப்பிரிக்காவில் ஃபோர்-வே ஸ்டாப்பில் முதலில் யார் போகவேண்டும்?

நாலு சாலையிலும் ஸ்டாப் பலகை உள்ள சந்திப்புதான் ஃபோர்-வே ஸ்டாப். கோட்டருகே முதலில் வந்து முழுசாக நின்றவர் முதலில் போகவேண்டும். மின்வெட்டில் ரோபோ அணைந்தாலும் இதே விதிதான். சிக்னல் விளக்குக்கு இங்கே ரோபோ என்றுதான் பெயர்.

ஏன் அப்படி? நால்வருக்கும் ஒரே பலகை, பெரிய சாலை சின்ன சாலை என்ற பேதம் கிடையாது. யார் முன்னால் நின்றார் என்பதை மட்டும் நால்வருமே கண்ணால் பார்க்கமுடியும். டர்பனில் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) கடைக் கவுன்டரில் வரிசையே இல்லாமல் கூட்டம் மொய்த்தாலும், தனக்கு முன் வந்தவர் யார் என்று ஒவ்வொருவருக்கும் தெரியுமே, அதைப் போல.

ஆத்திரம் கிளம்புவது இரண்டாவது காரால். முன்னால் போகிறவரின் பம்பரை ஒட்டியபடியே நழுவிவிடுவார். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் விளக்கு அணைந்த மாலைகளில் பழியெல்லாம் மினிபஸ் டாக்ஸிமேல்தான் விழும். புது எஸ்யூவிக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை என்பேன். பின்னால் காத்திருந்தது கணக்கில் வராது. கோட்டுக்கு வந்து, சக்கரம் அசையாமல் நின்ற பிறகே அவர் முறை தொடங்கும்.

இருவர் ஒரே நேரத்தில் நின்றால்? கையசைத்து ஒருவரை விட்டுவிடுங்கள்.

வலப்பக்கத்து வண்டிக்கே முன்னுரிமை என்று பலர் நம்புகிறார்கள். அது பெரிய ரவுண்டானாவின் விதி, இங்கே செல்லாது.