பையர் ‘டேபிள்’ என்றால் பேசவா, விடவா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சன்டைசராக (ஆர்டர்களைக் கவனிப்பவர்) இருக்கிறேன். ஆங்கில மரபுத்தொடர்கள் 500 அடங்கிய பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்தேன். வீடியோ காலில் பையர் (நம்மிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டவர்) பேசும்போது அதில் ஒன்றும் கைகொடுப்பதில்லை. போன வாரம் அமெரிக்க பையர் “லெட்ஸ் டேபிள் தி நேவி புளூ” என்றார். அந்த நிறத்தைப் பற்றிப் பேசச் சொல்கிறார் என்று நினைத்து 10 நிமிடம் விளக்கினேன். தள்ளிவைக்கச் சொன்னாராம். எப்படித்தான் இதைக் கற்றுக்கொள்வது?

பதில்: நீங்கள் புரிந்துகொண்டது முழுத் தவறு இல்லை. லண்டன்காரர் ‘டேபிள்’ செய்யலாம் என்றால், விஷயத்தை எடுத்துப் பேசலாம் என்று அர்த்தம். நியூயார்க்காரர் அதையே சொன்னால், இப்போதைக்கு விட்டுவிடலாம் என்று அர்த்தம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இரு நாட்டு ராணுவ அதிகாரிகளே இந்தச் சொல்லில் இடறியதை சர்ச்சில் எழுதிவைத்திருக்கிறார். ஓர் ஆவணத்தை உடனே எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணத்தில் பிரிட்டிஷார் ‘டேபிள்’ என்றார்கள். கிடப்பில் போடச் சொல்கிறார்கள் என்று அமெரிக்கர்கள் எதிர்த்தார்கள். நெடுநேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான், இருவரும் கேட்டது ஒன்றே என்று தெரிந்தது.

உங்கள் பட்டியலில் பொருள் இருந்தது. யார் சொல்கிறார், எந்த நாட்டவர் என்பது இல்லை. அதனால்தான் அது கைகொடுக்கவில்லை.

அமெரிக்கர்களின் அலுவலகப் பேச்சில் பேஸ்பால் நிறைய வரும். ‘பால்பார்க் ஃபிகர்’ கேட்டால் தோராய விலை போதும். பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டு அனுப்ப இரண்டு நாள் எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘டச் பேஸ்’ என்றால் சுருக்கமாக ஒரு வார்த்தை பேசிக்கொள்வது. ‘ரெயின் செக்’ எனக்குப் பிடித்தது. மழையால் ஆட்டம் நின்றுபோனால், கையிலிருக்கும் டிக்கெட் துண்டைக் காட்டி வேறொரு நாள் ஆட்டம் பார்க்கலாம். அந்த வழக்கத்திலிருந்து, ‘இப்போது முடியாது, இன்னொரு நாள் பார்க்கலாம்’ என்று நயமாக மறுக்கும் பேச்சு வந்தது.

பிரிட்டிஷார் பேச்சில் கிரிக்கெட். அது நமக்குத் தெரிந்த ஆட்டம் என்பதே இங்கே ஆபத்து. லண்டன் பையர் ஒருவர் ஒரு செய்தியைப் பற்றி ‘நாக்ட் மீ ஃபார் சிக்ஸ்’ என்றால் நமக்கு சிக்ஸர், கைதட்டல்தான் நினைவுக்கு வரும். அவர் அங்கே மட்டை பிடித்தவர் இல்லை, அடிபட்டுப் பறந்த பந்து. அதாவது, அந்தச் செய்தியில் நிலைகுலைந்துவிட்டார். வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள்.

தமிழும் இப்படித்தான் உதவும், கெடுக்கவும் செய்யும். முதலைக் கண்ணீர், மூக்கை நுழைப்பது, கைகழுவிவிடுவது ஆகியவை இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் ‘ஐ வாஸ் புல்லிங் யுவர் லெக்’ என்றால் உங்கள் காலை வாரியதாக ஒப்புக்கொள்ளவில்லை. விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறார். நமக்குக் காலை வாருவது துரோகம், அவர்களுக்கு அது கேலி. இப்படி முகம் ஒன்றாகவும் மனம் வேறாகவும் இருக்கும் சோடிகளைத்தான் தனியாகக் குறித்துவைக்க வேண்டும்.

உங்கள் தொழிலில் அடிக்கடி காதில் விழக்கூடிய ஒன்று, ‘டோன்ட் கட் கார்னர்ஸ்’. துணியின் மூலையை வெட்டுவதைப் பற்றிய பேச்சே இல்லை. செலவையும் நேரத்தையும் மிச்சம்பிடிக்கத் தரத்தில் கை வைக்காதே என்ற எச்சரிக்கை. இன்னொன்றுக்கு அகராதியும் போதாது: ‘க்வைட் குட்’. சாம்பிளைப் பார்த்து அமெரிக்கர் அப்படிச் சொன்னால் பெரும்பாலும் மகிழ்ச்சியாகவே இருக்கிறார். பிரிட்டிஷ்காரர் சொன்னால் ‘பரவாயில்லை’ அளவுதான் இருக்கலாம், குரலைக் கவனியுங்கள். எதை மாற்ற வேண்டும் என்று அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

புரியாதபோது என்ன செய்வது? பலரும் தலையாட்டிவிடுகிறார்கள். உங்களுக்கு நடந்ததைவிட அதுதான் அதிக நஷ்டம் தரும். ‘அதற்கு என்ன அர்த்தம்’ என்று கேட்கவும் கூச்சமாக இருக்கும். இரண்டு வழியைச் சொல்லி எதுவென்று கேளுங்கள்: “ஷல் வி டிசைட் திஸ் டுடே, ஆர் லீவ் இட் ஃபார் லேட்டர்?” இதை யாரும் அறியாமையாகப் பார்ப்பதில்லை; கவனமாக வேலை செய்பவர் என்றே நினைப்பார்கள்.

வீடியோ கால் முடிந்ததும், கேட்ட தொடரை முழு வாக்கியமாக எழுதுங்கள். சொன்னவர் யார், எந்த ஊர், அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதையும் சேருங்கள். வாரத்துக்கு மூன்று போதும். பட்டியலை மூடிவைத்துவிடலாம் என்றே சொல்வேன். அதில் கட்டாயம் இருக்கும் ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ இன்றைய பேச்சில் அபூர்வம். ‘இட்ஸ் போரிங்’ (pouring, மழை கொட்டுகிறது) என்றுதான் சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

நீங்களே பயன்படுத்துவதற்கு அவசரம் வேண்டாம். ஒரு தொடரைப் பல பேர் வாயிலிருந்து கேட்ட பிறகு எடுத்துக்கொள்ளுங்கள், சொல் மாறாமல். ‘ஸ்பில் தி பீன்ஸ்’ கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ‘தி பீன்ஸ் வேர் ஸ்பில்ட்’ என்றாலும் ரகசியம் வெளியானதாகவே பொருள். ‘கிக் தி பக்கெட்’ வளையாது. ‘தி பக்கெட் வாஸ் கிக்ட்’ என்றால் வாளி உதைபட்டது, அவ்வளவுதான். அந்தத் தொடரில் இன்னொன்றும் உண்டு. பட்டியல்கள் அதற்கு ‘இறந்துபோதல்’ என்று பொருள் போடுகின்றன. சரியான தமிழ் ‘மண்டையைப் போடுதல்’. பையர் வீட்டுத் துக்கத்துக்கு எழுதும் கடிதத்தில் அது வந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அங்கே ‘பாஸ்ட் அவே’ போன்றதுதான் பொருந்தும்.

விலை, அளவு, ஷிப்மென்ட் தேதி எழுதும் மெயிலில் மரபுத்தொடரே வேண்டாம். நேவி புளூ விஷயத்தையும் அப்படியே முடியுங்கள். அந்த நிறத்தை நிறுத்திவைத்திருக்கிறோம், எந்தத் தேதிக்குள் முடிவு சொன்னால் சாயப்பட்டறைக்கு அனுப்ப முடியும் என்று இரண்டு வரி எழுதி இன்றே அனுப்பிவிடுங்கள்.