எஸ்காமுக்கு அரசு போட்ட ஜாமீன்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் அரசு மின் நிறுவனமான எஸ்காம் வெளிநாட்டில் கடன் வாங்க, அரசு உத்தரவாதம் மட்டும்தானே கொடுத்தது? கஜானாவிலிருந்து காசு போகாதபோது மக்களுக்கு என்ன நஷ்டம்?

பதில்: யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவரிடம் கேட்டுப் பாருங்கள். கையெழுத்துப் போடும் அன்று காசு போகாதுதான். வாங்கியவர் கட்டாதபோது, கடன்காரர் வந்து நிற்பது ஜாமீன் போட்டவர் வாசலில்.

தென்னாப்பிரிக்காவில் அந்த நாள் 2023 பிப்ரவரியில் வந்தது. எஸ்காமின் கடன் அப்போது 40,000 கோடி ரேண்டைத் (தென்னாப்பிரிக்க நாணயம்) தாண்டியிருந்தது. அதில் 25,400 கோடியை அரசே ஏற்கும் என்று நிதியமைச்சர் இனாக் கொடோங்க்வானா பட்ஜெட்டில் அறிவித்தார். வரிப்பணம்தான், வேறென்ன?

கடன் எதற்கு வாங்கப்பட்டது என்றும் பாருங்கள். 2010 ஏப்ரலில் உலக வங்கி 375 கோடி டாலர் கொடுத்தது. அதில் பெரும்பகுதி லிம்போப்போ மாகாணத்தில் உள்ள மெடுபி அனல் மின் நிலையத்துக்கு. 2007இல் தொடங்கிய வேலை, ஆறு யூனிட்டுகளும் ஓடத் தொடங்க 2021 ஆனது. முடிந்த சில நாட்களிலேயே நான்காவது யூனிட்டின் ஜெனரேட்டர் வெடித்தது. பாய்லர் வெல்டிங் சரியில்லாமல் பல இடங்களில் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

அந்த பாய்லர் ஒப்பந்தம் ஹிட்டாச்சிக்குப் போனது. அதன் தென்னாப்பிரிக்கக் கிளையில் 25 சதவீதப் பங்கு ஆளும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் முதலீட்டு நிறுவனமான சான்ஸலர் ஹவுஸிடம் இருந்தது. இது தொடர்பாக அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் தொடுத்த வழக்கை, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே 1.9 கோடி டாலர் கட்டி 2015இல் ஹிட்டாச்சி முடித்துக்கொண்டது. மக்கள் பெயரில் ஜாமீன் போட்ட அரசை நடத்திய கட்சிக்கே அந்தத் திட்டத்தில் பங்கு. என்னால் மன்னிக்க முடியாதது இதைத்தான்.

டாலர் கடனில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2010இல் ஏழரை ரேண்டுக்குள் கிடைத்த டாலர், 2023இல் 18 ரேண்டை ஒட்டி நின்றது.

சாதாரணச் செலவு என்றால் நாடாளுமன்றத்தில் வரிக்கு வரி கேள்வி வரும். உத்தரவாதத்துக்கு அந்த அளவு விவாதம் நடப்பதில்லை. கடன் கொடுப்பவருக்கும் திட்டம் தேறுமா என்று துருவிக் கேட்க அவ்வளவு அவசியம் இருப்பதில்லை. அவருக்கு அரசின் கையெழுத்து போதும்.

சரி, மக்களுக்கு என்ன நஷ்டம்? அதே 2023 ஏப்ரலில் எஸ்காம் கட்டணம் 18.65 சதவீதம் ஏறியது. அந்த ஆண்டில் 300 நாட்களுக்கும் மேல் அங்கே மின்வெட்டு.