எல்லாவற்றையும் செய்ய நேரமில்லையே! டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் பெற்றோர் கேட்டவை

டவுன் சிண்ட்ரோம் (பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ள சிறு குழந்தைகளை வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். கேள்விகள் பலவிதம், ஆனால் பாதிக்கு மேல் "நேரமே போதவில்லை, குற்ற உணர்ச்சியாக இருக்கிறது" என்றுதான் முடிகின்றன. அதனால் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவப் பரிசோதனைகளில் ஒன்றைக்கூட விடாதீர்கள். வீட்டுப் பயிற்சிகளில் பாதியை விட்டாலும் பரவாயில்லை.

கேள்வி: மகளுக்கு ஒன்றரை வயது. பிசியோதெரபி, ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளுக்கான பயிற்சி) என்று மூன்று இடத்துக்கும் போகிறோம். மூவரும் வீட்டில் செய்யச் சொல்லி ஆளுக்கொரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். இரவு 8 மணிக்குப் பட்டியலை எடுத்தால் அவள் அழுகிறாள், கடைசியில் நானும் அழுகிறேன்.

இரவு 8 மணிப் பயிற்சியை இன்றோடு நிறுத்துங்கள். களைத்துப்போன குழந்தைக்கு அதில் எதுவும் ஏறாது, உங்கள் முகத்தைப் பார்த்தாலே வேலை வாங்க வருகிறார்கள் என்ற நினைப்புதான் மிஞ்சும்.

அடுத்த முறை போகும்போது மூவரிடமும் இதைக் கேளுங்கள்: "இந்த மாதம் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்யட்டும்?" நல்ல தெரபிஸ்ட் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார், யோசித்து ஒன்றைச் சொல்வார். அதை நாளில் எங்கே நுழைப்பது என்பதையும் அவரிடமே கேளுங்கள், ஏனென்றால் நீங்கள் எப்படியும் செய்கிற வேலைக்குள் அது நுழைந்துவிட்டால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை.

டயப்பர் மாற்றுவதை எடுத்துக்கொள்வோம். மாற்றி முடித்ததும் அக்குளில் கைகொடுத்து அப்படியே தூக்கிவிடுகிறோம். அதற்குப் பதிலாக அவளை மெல்ல ஒரு பக்கமாகப் புரட்டி, அவள் உள்ளங்கை தரையில் படும்படி வைத்து, இடுப்பில் லேசாகத் தாங்கிக்கொண்டு, அவளே கையை ஊன்றி எழுந்து உட்காரும்வரை காத்திருங்கள். சில விநாடிதான் கூடுதலாகும். ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் மாற்றுகிறீர்களோ அத்தனை முறை தோளுக்கும் வயிற்றுத் தசைக்கும் வேலை கிடைத்துவிடுகிறது. சட்டை போடும்போது கையைப் பிடித்து உள்ளே திணிக்காமல் கைப்பகுதியை விரித்துக் காட்டிவிட்டு, அவள் நுழைக்கும்வரை பொறுங்கள். குளிக்கும்போது கை, கால், வயிறு என்று தொட்டுத் தொட்டுச் சொல்லுங்கள். ஸ்ட்ராவில் உறிஞ்சிக் குடிப்பது உதட்டுக்கு நல்ல பயிற்சி.

கொஞ்ச நேரம் போதுமா என்று சந்தேகம் வரும். அமெரிக்காவில் 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கமான பிசியோதெரபியோடு கூடவே, பெற்றோர் வீட்டில் தினமும் 8 நிமிடம், வாரத்துக்கு 5 நாள், ஒரு சின்ன டிரெட்மில் மேல் குழந்தையைப் பிடித்து அடியெடுத்து வைக்கச் செய்தார்கள். அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய 100 நாள் முன்னதாகவே நடந்தார்கள். நீங்கள் டிரெட்மில் வாங்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தினமும் 8 நிமிடம் என்பது சின்ன விஷயமில்லை என்று நீங்கள் நம்ப வேண்டும், அதற்காகத்தான்.

"5 வயதுக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்" என்ற பயமும் உங்களைத் துரத்துகிறது என்று நினைக்கிறேன். ஆரம்ப வருடங்கள் முக்கியம்தான், ஆனால் கதவு எதுவும் மூடிவிடுவதில்லை. பள்ளிப் பருவத்திலும், 20 வயதுக்கு மேலும் புதிது புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இவர்கள். 1983-இல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25 வருடம், இன்று நல்ல மருத்துவ வசதி கிடைக்கும் இடங்களில் சுமார் 60. உங்கள் மகளுக்கு நிறையக் காலம் இருக்கிறது.

கேள்வி: மகனுக்கு 2 வயது 2 மாதம். பிடித்துக்கொண்டு நிற்கிறான், தனியாக நடக்கவில்லை. வாக்கர் வாங்கலாமா?

வேண்டாம். சக்கரம் வைத்த பேபி வாக்கர் எந்தக் குழந்தைக்குமே நல்லதில்லை, கனடாவில் 2004 முதல் அதை விற்கவே தடை. உங்கள் மகன் பின்தங்கிவிடவும் இல்லை. இந்தக் குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்கும் சராசரி வயதே 2-ஐ ஒட்டித்தான், 4 வயதுவரை எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. தசை தளர்வாகவும் மூட்டுகள் அதிகம் வளைகிற மாதிரியும் இருப்பதால் உடம்பை நிலைநிறுத்தவே அவர்கள் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. சோபாவைப் பிடித்தபடி பக்கவாட்டில் நகர்கிறானா பாருங்கள், பிடித்த பொம்மையை இரண்டு எட்டு தள்ளி வையுங்கள். பாதம் உள்பக்கமாகச் சரிந்தால் காலணிக்குள் வைக்கும் தாங்கி தேவையா என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். மாதக்கணக்கில் எந்த முன்னேற்றமும் இல்லை, அல்லது முன்பு செய்ததை இப்போது செய்யவில்லை என்றால் மட்டும் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: 3 வயது. நாங்கள் சொல்வது எல்லாம் புரிகிறது, பேச்சு மட்டும் இல்லை. வேண்டியது கிடைக்காவிட்டால் பொருள்களை எறிகிறான். சைகை சொல்லிக்கொடுத்தால் பேசவே மாட்டான் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள்.

சைகை பேச்சைத் தடுக்காது. தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்குப் புரிந்துகொள்ளும் திறன் முன்னே ஓடும், பேசும் திறன் பின்னால் மெல்ல வரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் உங்கள் வீட்டுப் பொருள்கள் பறக்கின்றன. "இன்னும் வேண்டும்", "போதும்", "வா", "உதவி செய்" என்று நாலைந்து சைகை போதும். செய்யும்போது வாயாலும் சொல்லுங்கள். வார்த்தை வந்ததும் பெரும்பாலான குழந்தைகள் சைகையைத் தாங்களாகவே விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று, காத்திருப்பது. "பால் வேணுமா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மூச்சிலேயே "சொல்லு, சொல்லு கண்ணா" என்று அவசரப்படுத்துகிறோம். கேட்டதை உள்வாங்கி, பதிலை யோசித்து, வாயை அசைக்க அவனுக்கு நேரம் தேவை. கேட்டுவிட்டு மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். முதல் சில நாள் அந்த மௌனம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது இவர்கள் நினைவில் நன்றாகத் தங்கும். அதனால் வீட்டுப் புகைப்படங்களின் கீழ் பெரிய எழுத்தில் "அம்மா", "பந்து" என்று எழுதிக் காட்டுவதை 3 வயதிலேயே தொடங்கலாம். எழுத்தைப் படிப்பது பேச்சுக்கும் கைகொடுக்கும் என்று இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் ஆய்வாளர் சூ பக்லி 1980-களிலிருந்தே சொல்லிவந்திருக்கிறார்.

இதற்கெல்லாம் முன்னால், காதைப் பரிசோதித்து எத்தனை மாதம் ஆகிறது? இவர்களுக்குக் காதுத் துளை குறுகலாக இருக்கும், செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொள்வது மிகச் சாதாரணம். வலியோ காய்ச்சலோ இல்லாமலே கேட்கும் திறன் குறைந்திருக்கலாம்.

கேள்வி: மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு மருத்துவமனை வாசலில் நிற்கிறோம். எதை விடலாம், எதை விடக்கூடாது?

விடக்கூடாதவற்றைச் சொல்கிறேன். இதயம்: இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவி இதயக் குறை இருக்கும், அதனால் கர்ப்பத்தில் ஸ்கேன் நன்றாக இருந்தாலும் பிறந்தபின் எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தே ஆகவேண்டும். எடுக்காதவர்கள் யாராவது இதைப் படித்தால் இந்த வாரமே போங்கள். தைராய்டு: பிறந்தவுடன், 6 மாதத்தில், 12 மாதத்தில், அப்புறம் வருடம் ஒருமுறை இரத்தப் பரிசோதனை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சோர்வு, மலச்சிக்கல், வறண்ட தோல், மெதுவான வளர்ச்சி எல்லாம் தைராய்டு குறைவின் அறிகுறிகள், ஆனால் வீட்டில் எல்லாரும் "அவன் அப்படித்தான்" என்று டவுன் சிண்ட்ரோம் கணக்கில் எழுதிவிடுவார்கள். முதல் மூன்று வருடத்தில் மூளை வளர தைராய்டு ஹார்மோன் அவசியம், குறைந்தால் தினமும் ஒரு மாத்திரையில் சரிசெய்துவிடலாம்.

காது: கேட்கும் திறன் சரி என்று உறுதியாகும்வரை 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை. கண்: 6 மாத வயதுக்குள் கண் மருத்துவரிடம் ஒருமுறை, அதன்பின் அவர் சொல்கிறபடி. இரத்தச்சோகை இருக்கிறதா என்று வருடாவருடம் பார்க்க வேண்டும், தைராய்டுக்கு ஊசி குத்தும்போதே இதையும் எடுக்கச் சொல்லிவிட்டால் ஒரு குத்தோடு போயிற்று. தடுப்பூசிகளைத் தள்ளிப்போடாதீர்கள். உயரம், எடையை டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கான வளர்ச்சி அட்டவணையில் குறிக்கச் சொல்லுங்கள், பொது அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு வீணாகப் பயப்படவேண்டாம்.

மற்றவற்றில் கை வைக்கலாம். வாரம் இரண்டு முறை போகும் தெரபியை ஒருமுறையாகக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். மூளைக்கு டானிக், விலையுயர்ந்த வைட்டமின் கலவை, ஸ்டெம்செல் ஊசி என்று யாராவது சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். இவை அறிவுத்திறனைக் கூட்டும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

கேள்வி: நான் அப்பா. மனைவிதான் எல்லாம் பார்க்கிறாள், "என்ன செய்யட்டும் சொல்லு" என்று கேட்டால் எரிச்சலாகிறாள்.

"சொல்லு" என்பதே அவருக்கு இன்னொரு வேலையாகிவிடுகிறது. ஒரு பொறுப்பை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பரிசோதனைகள் முழுவதும் இனி உங்களுடையது என்று வைத்துக்கொள்வோம்: தேதி நினைவு வைப்பது, நேரம் வாங்குவது, லீவு போட்டுக் கூட்டிப்போவது, ரிப்போர்ட்டை ஃபைலில் கோப்பது, அடுத்த தேதியைக் குறிப்பது எல்லாமே. அவர் அதைப் பற்றி நினைக்கவே வேண்டியிராத நிலை வரவேண்டும்.

கேள்வி: 4 வயது. காலையில் கிளம்பும் நேரத்தில் வாசலில் சப்பென்று உட்கார்ந்துவிடுவான். கையைப் பிடித்து இழுத்தால் உடம்பைத் தொளதொளவென்று விட்டுவிடுகிறான், தூக்கவும் முடியவில்லை. தினமும் ஆபீசுக்கு லேட்.

கையைப் பிடித்து இழுப்பதை முதலில் நிறுத்துங்கள். மூட்டு நெகிழ்வாக இருக்கும் குழந்தைக்கு முழங்கையும் தோளும் எளிதில் பிசகும்.

இது இந்தக் குழந்தைகளிடம் அடிக்கடி பார்க்கிற விஷயம், பெரும்பாலும் அடம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது அவனுக்குக் கஷ்டம். நீங்களோ அந்த நேரத்தில்தான் "ஷூ போடு, பை எங்கே, லிஃப்ட் வந்துடுச்சு, ஓடு" என்று நாலு கட்டளையை ஒரே மூச்சில் சொல்கிறீர்கள். பேச்சு அதிகமாக அதிகமாக அவன் அடைத்துக்கொள்கிறான், பேச முடியாதவனுக்கு "வேண்டாம்" என்று சொல்லும் வழி உட்கார்ந்துவிடுவதுதான்.

முந்தின இரவே பையும் துணியும் வாசலருகே இருக்கட்டும். காலை வேலைகளைப் படமாக, சாப்பாடு, ஷூ, பை, வண்டி என்று வரிசையாகக் கதவில் ஒட்டி, ஒவ்வொன்று முடிந்ததும் அவனே படத்தைக் கழற்றிப் பெட்டியில் போடட்டும். கிளம்புவதற்கு 10 நிமிடம் முன்பே ஒரு எச்சரிக்கை கொடுங்கள். "முதலில் ஷூ, அப்புறம் வண்டி" என்ற அளவில் சின்ன வாக்கியம் போதும். வாசலில் அவனுக்கு ஒரு வேலை இருக்கட்டும், சாவியைத் தூக்கிவருவது, லிஃப்ட் பொத்தானை அமுக்குவது. பெரிய மனிதன் மாதிரி சாவியோடு முன்னால் நடக்கும் பையனைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அப்படியும் உட்கார்ந்துவிட்டால் நீங்களும் பக்கத்தில் குனிந்து உட்காருங்கள். ஒருமுறை சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். சுற்றி நின்று கெஞ்சுவதும் சிரிப்பதும் அதை விளையாட்டாக்கிவிடும். எழுந்த அந்த நொடியில் பாராட்டுங்கள். இரண்டு மூன்று வாரம் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

இந்தப் பழக்கம் திடீரென்று புதிதாக வந்திருந்தால் மட்டும் வேறு கதை. ஷூ கடிக்கிறதா, காலோ கழுத்தோ வலிக்கிறதா, நடை மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: மகள் தூக்கத்தில் மடங்கி உட்கார்ந்தபடி தூங்குகிறாள், குறட்டை வேறு. பகலில் ஒரே சிணுங்கல்.

மூச்சு அடைபடுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். உட்கார்ந்து முன்னால் சாய்ந்தோ கழுத்தைப் பின்னால் வளைத்தோ தூங்குவது, காற்றுப் பாதையைத் திறந்து வைக்கக் குழந்தை தானாகவே கண்டுபிடிக்கிற வழி. அவள் தூங்குவதை மொபைலில் இரண்டு நிமிடம் வீடியோ எடுத்துக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். குறட்டை இல்லாவிட்டாலும் 3-லிருந்து 4 வயதுக்குள் எல்லா டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கும் தூக்கப் பரிசோதனை செய்வது நல்லது என்பதுதான் பரிந்துரை. பகலில் தெரியும் பிடிவாதமும் கவனமின்மையும் பலமுறை சரியில்லாத தூக்கத்தின் விளைவுதான்.

கேள்வி: 7 வயது மூத்த மகள் "உங்களுக்கு எப்பவும் தம்பி மட்டும்தான்" என்கிறாள்.

அவள் சொல்வது உண்மை என்று ஒப்புக்கொள்ளுங்கள். "தம்பி பாவம் இல்லையா" என்று அடக்கினால் அடுத்த முறை சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொள்வாள். வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நேரம், அரை மணியானாலும் சரி, அவளுக்கு மட்டும் என்று வையுங்கள், தம்பிக்குத் தெரபி இருந்தாலும் அது மாறக்கூடாது. தம்பி கையெட்டாத உயரத்தில் அவளுக்கென்று ஓர் அலமாரித் தட்டு கொடுங்கள். அவள் வரைந்ததை அவன் கிழித்தால், பொறுக்கி எடுக்க அவனும் உதவ வேண்டும், அவனால் அது முடியும்.

தம்பிக்கு என்ன என்று நேராகச் சொல்லிவிடுங்கள். உடம்பின் செல்களில் 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, அதனால் கற்றுக்கொள்ள நேரமாகிறது, இது ஒட்டிக்கொள்ளாது, யார் செய்த தப்பாலும் வந்ததில்லை. 7 வயதுக்கு இது புரியும். "நாங்கள் போனபிறகு நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற பேச்சை மட்டும் தயவுசெய்து அந்தக் குழந்தையிடம் எடுக்காதீர்கள்.

கேள்வி: பகலில் பாட்டிதான் பார்த்துக்கொள்கிறார். ஊட்டுவது, உடுத்துவது எல்லாம் அவரே. சொன்னால் வருத்தப்படுகிறார்.

குறை சொல்லாமல் ஒரு வேலையை அவரிடம் ஒப்படைத்துப் பாருங்கள்: "ஸ்பூன் பிடிக்கக் கற்றுத்தருவது உங்கள் பொறுப்பு." தெரபிக்கு ஒருநாள் அவரையே அழைத்துப்போங்கள், நீங்கள் சொன்னால் எடுபடாதது தெரபிஸ்ட் சொன்னால் எடுபடும். இந்தக் குழந்தைகள் கஷ்டமான வேலை வந்தால் சிரித்து, கைதட்டி, கட்டிப்பிடித்து நழுவிவிடுவார்கள், அன்பான பாட்டியிடம் அது சுலபமாகப் பலிக்கும். அதையும் அவருக்குச் சொல்லிவையுங்கள்.

கேள்வி: அடுத்த குழந்தைக்கும் வருமா?

முதல் குழந்தையின் குரோமோசோம் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். சுமார் 95 சதவீதம் பேருக்கு இருக்கும் சாதாரண வகை (டிரைசோமி 21) என்றால் மறுபடி வரும் வாய்ப்பு ஏறக்குறைய 100-இல் 1, தாயின் வயது கூடினால் அதற்கேற்பக் கூடும். இடமாற்ற வகை (டிரான்ஸ்லொகேஷன்) என்று எழுதியிருந்தால் பெற்றோர் இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மரபணு ஆலோசகரைப் பார்த்தபிறகு முடிவெடுங்கள்.

கேள்வி: 4 வயது மகனை டிராம்போலினில் குதிக்க விடலாமா?

6 வயதுவரை வேண்டாம், அதன்பிறகும் பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில்தான். சில குழந்தைகளுக்குக் கழுத்தின் மேல்பகுதியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான பிடிப்பு தளர்வாக இருக்கும். எந்த அறிகுறியும் இல்லாதவனுக்கு எக்ஸ்ரே தேவையில்லை. ஆனால் கழுத்து வலி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துவைப்பது, நடையில் தடுமாற்றம், கையில் பலம் குறைவது, நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்ப வருவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். காதுக்கோ பல்லுக்கோ மயக்க மருந்து கொடுக்கிறார்கள் என்றாலும் கழுத்தை அதிகம் வளைக்கவேண்டாம் என்று மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.