கேம் கார்ட், பேக்கப், ஹோம்ப்ரூ (நம்மளே செய்யிற கேம்): கேட்டவங்களுக்கு என் பதில்

தலவாக்கலையில இருந்து எழுதுறேன். பழைய கேம்பாய், டிஎஸ், பிஎஸ்பி மாதிரி கையில வச்சி ஆடுற கேம் மெசினெல்லாம் திறந்து பழுது பாக்குறதுதான் என் வேலை. வந்த கேள்விகளுக்கு தெரிஞ்சத சொல்றேன்.

ஹட்டன் தம்பி: அண்ணே, டிஎஸ் லைட்டுக்கு பழைய ஆர்4 ஒன்னு கெடச்சிச்சி, 32 ஜிபி மெமரி கார்ட் போட்டா ஒன்னுமே வரல, செத்துருச்சா?

சாகல தம்பி. ஆர்4ங்கிறது மெமரி கார்ட்ல உள்ள கேம டிஎஸ்ல ஓட்டுற ஃப்ளாஷ் கார்ட். மொதல்ல வந்த ஆர்4 2 ஜிபி வரைக்கும்தான் வாசிக்கும், அதுக்கு மேல உள்ள எஸ்டிஹெச்சி கார்டெல்லாம் அதுக்கு வெளங்காது. சின்ன கார்ட் ஒன்னு தேடிப்புடி. ஆர்4னு பேரு போட்டு எத்தனையோ வகை இருக்கு, ஸ்டிக்கர்ல என்ன போட்டிருக்குனு பாத்து அதுக்குரிய கர்னல (அத ஓட்டுற மென்பொருள) மட்டும் போடு, ஒன்னுக்குள்ளத இன்னொன்னுக்கு போட்டா திறக்காது. புது மெமரி கார்ட் வாங்குனதும் கம்பியூட்டர்ல ஹெச்2டெஸ்ட்டபிள்யூங்கிற சோதிக்கிற மென்பொருள போட்டு முழுசா எழுதி வாசிச்சி பாரு, போலி கார்ட்ல 32னு அச்சடிச்சிருக்கும், உள்ள 4 கூட இருக்காது.

பண்டாரவளை தங்கச்சி: அண்ணா, ஜிபிஏ (கேம்பாய் அட்வான்ஸ்) போக்கிமான் எமரால்ட் கேம் போட்டதும் உள்ள பேட்டரி தீந்துருச்சினு காட்டுது. என் சேவ் (விளையாடி சேமிச்சது) போயிருமா?

போகாதும்மா, பயப்படாதீங்க. எமரால்ட்ல சேவ் இருக்கிறது 128 கேபி ஃப்ளாஷ் சிப்ல, அதுக்கு கரண்டே தேவையில்ல. பேட்டரி உள்ளுக்குள்ள ஓடுற மணிக்கூட்டுக்கு மட்டும்தான், அது நின்னா பழமரம் வளர்றது மாதிரி நேரம் பாத்து நடக்குற விசயம்தான் நிக்கும். ஆனா தொடுறதுக்கு முந்தி சேவ காப்பி எடுங்க. டிஎஸ் லைட்டும் ஃப்ளாஷ் கார்டும் இருந்தா ஜிபிஏ கார்ட கீழ் ஸ்லொட்ல போட்டு ஜிபிஏ பேக்கப் டூல் ஓட்டுங்க, கேம், சேவ் ரெண்டும் மெமரி கார்டுக்கு வந்துரும். டிஎஸ்ஐ, 3டிஎஸ்ல அந்த ஸ்லொட் இல்ல.

பதுளை அண்ணன்: நீங்க சொல்றது பிழை. நான் அதே எமரால்ட் பேட்டரிய கழட்டுனேன், சேவ் சுத்தமா போயிருச்சி.

அண்ணே, நீங்க பொய் சொல்றீங்கனு நான் நினைக்கல. உங்க கார்ட் போலியா இருக்கும். போலி ஜிபிஏ கார்ட் நெறையத்துல ஃப்ளாஷ் சிப்புக்கு பதிலா எஸ்ரேம்தான் (கரண்ட் நின்னா மறந்துர்ற சிப்) வச்சிருப்பாங்க, சேவ தாங்குறதே அந்த பேட்டரிதான், கழட்டுனா அழிஞ்சிரும். கார்டோட அடிப்பக்கம் உலோக பின்னுகளுக்கு மேல உள்ள இடைவெளியில பாருங்க, அசல்னா போர்டுல நின்டெண்டோனு சின்னதா தெரியும்.

கண்டியில இருந்து: அப்ப கேம்பாய் போக்கிமான் கோல்டும் அப்படித்தானா? ஒரே கம்பனிதானே, எல்லாத்துலயும் பேட்டரி மணிக்கூட்டுக்குத்தான்.

இல்லவே இல்ல! இத நெறைய பேரு கொழப்புறாங்க. கோல்ட், சில்வர் அசலா இருந்தாலும் சேவ் இருக்கிறது எஸ்ரேம்ல, பேட்டரிதான் சேவயும் மணிக்கூட்டையும் ரெண்டையும் தாங்குது, அதனாலதான் அது சீக்கிரம் தீருது. அதுல போடுறது சிஆர்2025, எமரால்ட்ல சிஆர்1616. கழட்டுறதுக்கு முந்தி காப்பி, திரும்பவும் சொல்றேன், காப்பி.

மஸ்கெலியா: ரோம் (கேம் ஃபைல்) எங்க எறக்கலாம்?

உங்க கார்ட்ல இருந்து நீங்களே எடுங்க. எறக்குற இடம் சொல்ல மாட்டேன்.

நுவரெலியா: அண்ணா, ரோம் லிங்க் ஒன்னு...

மேல பாருங்க.

அப்புத்தளை: மாமா ஜப்பான்ல இருந்து டிஎஸ் லைட் கொண்டு வந்தாரு, அந்த சார்ஜரையே போடலாமா?

போடாதீங்க! ஜப்பான் நின்டெண்டோ சார்ஜர் 100 வோல்ட்டுக்கு செஞ்சது, நம்ம ப்ளக்ல வர்றது 230. டிஎஸ் லைட்டுக்கு யூஎஸ்பி வயர் கிடைக்குது, அதுல சார்ஜ் பண்ணுங்க.

ராகலை: பிஎஸ்பி பின்மூடி தூக்கிக்கிட்டு நிக்குது, இருந்தாலும் ஓடுது.

பேட்டரி ஊதிருச்சி. இப்பவே கழட்டுங்க, குத்தாதீங்க, அமுக்காதீங்க.

கொட்டகலை: மழை காலத்துல கார்ட் புடிக்கல, மணல் தாளால தேய்க்கலாமா?

வேணாம், தங்க முலாம் போயிரும், அப்புறம் துரு அரிக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால பஞ்சுக்குச்சியில நனைச்சி தொடச்சி நல்லா காயவிட்டு போடுங்க. நம்ம பக்க பனிக்கு கார்ட்ட மூடி போட்ட டப்பாவுல சிலிக்கா பக்கெட்டோட வைங்க.

பொகவந்தலாவை தங்கச்சி: ஜிபிஏக்கு தமிழ்ல எழுத்து வினாவிடை கேம் செய்ய ஏலுமா? எங்க லயத்து பிள்ளைகளுக்கு.

ஏலும்மா, இப்படி கேக்க மாட்டாங்களானு காத்துக்கிட்டிருந்தேன்! கேம் செய்யிற மென்பொருள் டெவ்கிட்ப்ரோ போடுங்க, சி மொழி தெரிஞ்சா போதும். ஜிபிஏல தமிழ் எழுத்துரு கிடையாது, நம்மளே எழுத்த படமா வரையணும். திரை 240க்கு 160 புள்ளி, திரைய நிரப்புற சின்ன கட்டம், அதான் ஓடு (டைல்), ஒன்னு 8க்கு 8, அதுல 'ணை' வரைஞ்சா புள்ளிக்கூட்டமாத்தான் தெரியும், அதனால நாலு ஓட்ட சேத்து 16க்கு 16ல வரையுங்க, வரிக்கு 15 எழுத்து வரும். கொம்பு, கால தனித்தனியா வரைஞ்சி வச்சிக்கிட்டா 'கொ', 'மொ' எல்லாத்துக்கும் அதையே எடுக்கலாம், 247 எழுத்தையும் வரையத் தேவையில்ல. மொதல்ல கம்பியூட்டர்ல ஜிபிஏ மாதிரி ஓட்டுற எம்ஜிபிஏல ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் கார்ட்ல போடுங்க. எழுத்து வரைய நானும் உதவுறேன்.

பதுளை அண்ணன்: பாத்தேன் தம்பி. நின்டெண்டோனு எழுத்தே இல்ல.

போன சேவ் திரும்ப வராதுண்ணே, எனக்கும் மனசுக்கு கஷ்டமா இருக்கு. புது பேட்டரி போட்டு திரும்ப ஆரம்பிக்கிறதா இருந்தா அந்த கார்ட்ட கொண்டு வாங்க, எந்த சிப்னு திறந்து பாத்துட்டு காப்பி எடுக்குற வழிய செஞ்சி தாரேன்.