மகள் ராப் பாடப் போகிறாளாம்: இத்தாலியின் பலெர்மோவில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு

அக்கா, வணக்கம்.

லிச்சேயோ (உயர்நிலைப் பள்ளி) முடிய இன்னும் ஒரு வருடம் இருக்கும்போது மகள் ராப்தான் என்று நிற்கிறாள், தலை சுற்றுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அவள் உங்களுக்குச் சொன்னது ராப் பாடகி அன்னாவின் கதை. அதில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அன்னா பேப்பே 2003இல் பிறந்தவர், லா ஸ்பேத்சியாக்காரி. அப்பா டிஜே. யூடியூபில் கிடைத்த பீட் (பாட்டுக்குப் பின்னால் ஓடும் தாள இசை) ஒன்றின் மேல் பாடிய ‘பாந்தோ’ 2020 தொடக்கத்தில் டிக்டொக்கில் பற்றிக்கொண்டது. 16 வயதில் இத்தாலியத் தரவரிசையில் முதலிடம். இதுவரை உங்கள் மகளுக்கு மனப்பாடம். ஆனால் முதல் ஸ்டூடியோ ஆல்பமான ‘வேரா பேடி’ வந்தது 2024 ஜூனில். இடையில் நாலு வருடத்துக்கும் மேல். முதலிடம் பிடித்த பிள்ளைக்கே இவ்வளவு காலம் என்றால், பிடிக்காத பிள்ளைக்கு அதுவரை வீட்டு வாடகை யார் கட்டுவது? அவளிடம் நான் கேட்டதும் இதைத்தான்.

மடாம் என்ற பெயரில் ராப் பாடும் பிரான்செஸ்கா கலெயாரோவையும் பாருங்கள். விச்சென்சா பக்கம், 2002இல் பிறந்தவர். அவருடைய பாட்டை ரொனால்டோ இன்ஸ்டாகிராமில் போட்டது அதிர்ஷ்டம், சரி. ஆனால் 2021இல் சன்ரேமோ பாட்டுப் போட்டி மேடையில் பாடிய ‘வோச்சே’வுக்கும் முதல் ஆல்பத்துக்கும் தார்கா தென்கோ விருது கிடைத்ததை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத முடியாது. அது பாட்டு எழுதுகிறவர்களை மதித்துக் கொடுக்கும் விருது.

அதனால்தான் சனிக்கிழமை வீடியோவில் கதைத்தபோது மகளைப் பாடச் சொல்லவில்லை, எழுதியதை வாசிக்கச் சொன்னேன். போனில் நாற்பது குறிப்புகள் வைத்திருக்கிறாள். பாதி தேறாது. ஆனால் அம்மம்மா போன் எடுக்கும்போது அறைக் கதவை மூடுவது பற்றி சிசிலியனும் தமிழும் கலந்து எட்டு வரி இருக்கிறது, அது அவளுடைய சொந்தச் சரக்கு. “இந்த பீட் யாருடையது?” என்றேன். “யூடியூபில் எடுத்தது.” “லைசன்ஸ்?” விட்டத்தைப் பார்த்தாள்.

இங்கேதான் கவனம் வேண்டும், அக்கா. மலிவு லைசன்ஸில் அதே பீட்டை இன்னும் பலருக்கும் விற்பார்கள். இத்தனை தடவை கேட்கப்படும் வரைதான் செல்லும் என்று வரம்பும் இருக்கும். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு பேரம் பேசினால் விலை உங்கள் கையில் இருக்காது. இன்னொன்று, பல பெற்றோருக்குத் தெரியாதது: இத்தாலியின் 1941ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, 16 வயதானவர் தான் உருவாக்கிய படைப்பு பற்றிய சட்டக் காரியங்களைத் தானே செய்யலாம். அதாவது, தன் வரிகளின் உரிமையை உங்களைக் கேட்காமலே அவள் எழுதிக் கொடுத்துவிடலாம். எந்தத் தாள் வந்தாலும் கையெழுத்துக்கு முன் வக்கீல் ஒருவர் பார்க்கட்டும். நீங்கள் வீட்டில் சத்தம் போட்டால் அவள் அந்தத் தாளை உங்களுக்குக் காட்டவே மாட்டாள்.

படிப்பைப் பற்றி நீட்ட மாட்டேன். பள்ளி இறுதியில் வரும் மத்துரிதா சோதனையை எழுதியே ஆக வேண்டும், அதில் பேரம் இல்லை, அவளும் ஒத்துக்கொண்டாள். அப்புறம் பலெர்மோ கொன்செர்வத்தோரியோவில் (இசைக் கல்லூரி) மின்னணு இசை படிக்கலாம். நுழைவுத் தேர்வு உண்டு. பட்டத்துக்குச் சமமான படிப்புத்தான், பல்கலைக்கழகத்தோடு சேர்த்துப் படிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஒலிப்பதிவு தெரிந்தவளுக்கு மற்றவர்களின் பாட்டிலும் வேலை கிடைக்கும்.

அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கு மூன்று பேருமாகக் கதைப்போம். அதற்குள் அந்த பீட்டின் லைசன்ஸைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.